மலைவீடும் மின்னலும்



சேர்வராயன் மலையில் வாழும் காப்பித் தோட்டக்காரர்கள் ஆண்டுதோறும் பங்குனியிலும் சித்திரையிலும் வானத்தைப் பார்த்த வண்ணம் இருப்பார்கள். அம்மாதங்களில் ஒரு நல்ல மழை பெய்தால், எட்டுப் பத்து நாட்களில் காப்பிச் செடிகள் ஒரே காலத்தில் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். ஏற்காட்டுச் சாலைகளில் மல்லிகையை ஒத்த மணம் கமழும். அம்மழை தவறினால் அவ்வாண்டின் விளைச்சலும் குன்றிவிடும். ஆனால் அது அமைதியாக வரும் மழை அன்று; இடியையும் மின்னலையும் உடன் அழைத்துக்கொண்டே வருகிறது. தோட்டத்துக்கு வரமாக வரும் அதே மழை, வீட்டிலுள்ள மின்கருவிகளுக்குக் கேடாக முடிவதும் உண்டு. அக்கேட்டிலிருந்து வீட்டையும் வீட்டில் உள்ளோரையும் காப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் சிற்றப்பாவின் வீடு ஏற்காட்டில் ஒரு சரிவின் மேல் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாலையில், வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் ஓங்கி நின்ற ஒரு சில்வர் ஓக் மரத்தின் மேல் இடி விழுந்தது. வீட்டின் மேல் விழவில்லை. ஆயினும் தொலைக்காட்சிப் பெட்டி அக்கணமே அணைந்தது. பிறகு அது உயிர் பெறவே இல்லை. கிணற்று மோட்டார் கருகிற்று. குளிர்பதனப் பெட்டி ஓடுவது போலத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்துச் சிற்றன்னை அதன் கதவைத் தொட்டபோது கை வெடுக்கென்று இழுபட்டது. காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தமையால் உயிர் பிழைத்தார். வியப்பு என்னவெனில், அந்த வீட்டில் ஃபியூஸ் இருந்தது, எம்.சி.பி. என்னும் தானியங்கி விசைகள் இருந்தன. கடையில் வாங்கிய 'ஸ்பைக் கார்டு' ஒன்றும் தொலைக்காட்சிக்கு மாட்டப்பட்டிருந்தது. இத்தனை காவலர் இருந்தும் திருடன் உள்ளே புகுந்தது எப்படி? அதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு என்பது உங்களுக்குத் தெரியும். மாறுமின்னோட்டம் ஆதலால் இது நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடுகிறது. வீட்டுக் கருவிகள் இதற்கென அமைந்தவை. கணநேரத்துக்கு மட்டும் 1,500 முதல் 2,500 வோல்ட்டு வரையில் அவை தாங்கக்கூடும். அந்த எல்லைக்கு மேல், ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குள், அழுத்தம் திடீரென்று பல ஆயிரம் வோல்ட்டாக எழுந்து அடங்குவதையே மின் எழுச்சி என்கிறோம்.

இந்த எழுச்சி எங்கிருந்து வருகிறது? மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு கட்டி முடிந்தது. அதன் அடியில் அமைந்த மின் நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கியது. அந்நாள் முதல் இன்று வரை மின்சாரம் எந்த நிலையத்தில் பிறந்தாலும், நம்மை வந்தடைவதற்கு வெட்ட வெளியில் கட்டிய கம்பிகளின் வழியே நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. சமவெளியில் அக்கம்பிகள் வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே செல்கின்றன. மலையிலோ, 11,000 வோல்ட்டுக் கம்பிகள் முகடுகளின் மேலும் காட்டின் ஊடேயும் ஏறி வருகின்றன. முகட்டில் நிற்கும் கம்பம் மேகத்துக்கு அருகில் நிற்கும் கம்பம். மின்னல் உயரமானவற்றையே பெரிதும் நாடும் என்பது நாம் அறிந்ததுதானே?

ஒரு மின்னல் வீச்சில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர். சிலவற்றில் ஒரு லட்சத்தையும் கடக்கும். அது செல்லும் பாதையில் காற்றின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு ஆகிறது. இத்தகைய ஆற்றல் கம்பியின் மேல் நேரே விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேரே விழ வேண்டும் என்பதே இல்லை. மாறுகின்ற காந்தப் புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டு கண்டறிந்ததைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்பாடத்தின் மிகப் பெரிய செய்முறை மின்னலே ஆகும். மரத்தின் மேல் விழுந்த இடி, அருகில் ஓடிய கம்பிகளில் பல ஆயிரம் வோல்ட்டைத் தூண்டிவிட்டது. அதுவே சிற்றப்பாவின் வீட்டுக்குள் வந்தது.

"இடிதாங்கி வைத்திருந்தால் போதுமே" என்று சிலர் கூறுவர். பெஞ்சமின் பிராங்க்ளின் 1752-இல் பட்டம் விட்டு மின்னலும் மின்சாரமே என்று காட்டியதும், இடிதாங்கியை அமைத்ததும் உலகறிந்த செய்திகள். மறு ஆண்டே, அத்தகைய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ரிச்மான் என்ற அறிஞர் ருஷ்யாவில் மின்னல் தாக்கி மாண்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது. இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். சுவர் பிளவாமலும் கூரை தீப்பற்றாமலும் தடுக்கும். கம்பி வழியாக வீட்டுக்குள் நுழையும் எழுச்சியை அது தடுக்காது. வீட்டைக் காப்பது ஒன்று; வீட்டிலுள்ள கருவிகளைக் காப்பது வேறொன்று.

அப்படியானால் ஃபியூஸ் ஏன் உதவவில்லை? ஃபியூஸ் என்பது மிகுதியான மின்னோட்டத்தால் சூடேறி உருகும் கம்பி. சூடேறுவதற்கு நேரம் வேண்டும். எம்.சி.பி. விரைவானதுதான்; எனினும் அதற்கும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமேனும் தேவைப்படுகிறது. எழுச்சியோ அதைவிட நூறு மடங்கு விரைவாக வந்து போய்விடுகிறது. காவலன் எழுந்து தடியை எடுப்பதற்குள் திருடன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். ஆகவே விரைந்து மூடும் கதவு நமக்குப் பயன்படாது. மிகுதியாக வருவதை வேறு வழியில் திருப்பிவிடும் ஏற்பாடே வேண்டும்.

நம் முன்னோர் ஏரிகளில் இதே ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். ஏரிக்கரையில் ஓரிடத்தில் கலிங்கு அமைத்தார்கள். நீர்மட்டம் அளவோடு இருக்கும் வரையில் கலிங்கு ஒரு சுவர்; அளவை மீறினால் அதுவே வழி. மிகுந்த நீர் அதன் மேல் வழிந்து ஓடையில் போய்ச் சேரும், கரை உடையாது. மின் எழுச்சிக் காப்பான் என்பது மின்சாரத்துக்கு அமைத்த கலிங்கே ஆகும். இன்று வீடுகளில் பயன்படும் காப்பானின் உள்ளே துத்தநாக ஆக்சைடுத் துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்த ஒரு வில்லை இருக்கிறது. 1960-களின் இறுதியில் ஜப்பானில் உருவான கண்டுபிடிப்பு இது. துகளும் துகளும் தொடும் ஒவ்வோர் எல்லையும் ஏறத்தாழ 3 வோல்ட்டு வரையில் மின்சாரத்தை மறிக்கும். அதற்கு மேல் வழிவிடும். பல எல்லைகள் வரிசையாக நிற்பதால், வழக்கமான அழுத்தத்தில் அவ்வில்லை ஏறக்குறைய மின்கடத்தாப் பொருளாக இருக்கிறது. எழுச்சி வந்த கணமே கடத்தியாகி, அதைத் தரைக்குத் திருப்பிவிடுகிறது. எழுச்சி அடங்கியதும் மீண்டும் பழைய நிலையை அடைகிறது.

கலிங்கு நன்றாக இருந்தாலும், அதற்கு அப்பால் உள்ள ஓடை தூர்ந்து கிடந்தால் என்ன பயன்? வழிந்த நீர் போக்கிடம் இல்லாமல் ஊருக்குள்தான் புகும். எழுச்சிக் காப்பானுக்கு ஓடை எது? அதுதான் நில இணைப்பு. நாம் வழக்கத்தில் 'எர்த்' என்று சொல்லும் பச்சைக் கம்பியும், அது போய்ச் சேரும் குழியும். சேர்வராயன் மலையின் தனித் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

இம்மலை சார்னகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. அப்பெயரின் வரலாறு சுவையானது. கல்கத்தாவில் 1690-இல் ஆங்கிலேயர் குடியிருப்பை அமைத்தவர் ஜாப் சார்னாக் என்பவர். அவருடைய கல்லறையின் மேல் பதித்த கல்லை 1893-இல் ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர், அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலையும், நம் சேர்வராயன் மலையும் இவ்வகைப் பாறையால் ஆனவையே. மலையின் உச்சிப் பகுதிகளில் பாறைக்கு மேல் பாக்சைட்டும் செம்புறைக் கல்லும் போர்வை போலப் படர்ந்திருக்கின்றன. கோடையில் அவை வறண்டு போகும். ஈரமான களிமண் மின்சாரத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். வறண்ட பாறையோ அதைப் போல் நூறு மடங்குக்கும் மேலாக எதிர்த்து நிற்கும். காவிரிக் கரையில் ஆறடி இறக்கினால் கிடைக்கும் நல்ல நில இணைப்பு, ஏற்காட்டுப் பாறையில் எளிதில் கிடைப்பதில்லை.

மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சிற்றப்பாவின் வீட்டுக்கு வந்து, அளவுக் கருவியை வைத்துப் பார்த்தார். எர்த்துக் குழியின் மின்தடை 90 ஓம் என்று காட்டிற்று. "தம்பி, உங்கள் வீட்டில் எர்த்துக் கம்பி இருக்கிறது, எர்த்து இல்லை" என்றார் அவர். சிற்றப்பா, "பச்சைக் கம்பி எல்லா பிளக்கிலும் போயிருக்கிறதே, ஐயா?" என்று கேட்டார். "போயிருக்கிறது. எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி" என்பது பெரியவரின் விடை.

மாணவர்களே, அவர் போட்டுக் காட்டிய கணக்கை நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எழுச்சியால் குளிர்பதனப் பெட்டியின் உள்ளே மின்காப்பு பழுதுபட்டு, அதன் இரும்பு உடலில் 230 வோல்ட்டு ஏறிவிட்டது. அது எர்த்துக் குழி வழியாகத் தரைக்குப் பாய்கிறது. ஓம் விதிப்படி 230-ஐ 90-ஆல் வகுத்தால் கிடைக்கும் மின்னோட்டம் சுமார் இரண்டரை ஆம்பியர். அந்த இணைப்பில் இருந்த எம்.சி.பி.யோ 16 ஆம்பியருக்கு உரியது. இரண்டரை ஆம்பியரை அது வழக்கமான செலவு என்றே எண்ணும்; ஒருபோதும் விழாது. நாள் முழுவதும் பெட்டியின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். மனிதனின் உடல் வழியே ஒரு நொடி பாய்ந்தால் உயிரைப் போக்குவதற்கு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். சிற்றன்னையைக் காத்தது எம்.சி.பி. அன்று, ஒரு ஜோடிச் செருப்பு.

இதற்கு மருந்து, கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று வழங்கும் கசிவுக் காப்பு விசை. வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை 30 மில்லி ஆம்பியரை எட்டினால், கண் இமைக்கும் நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த்தின் தடை 90 ஓம் ஆக இருந்தால்கூட, 30 மில்லி ஆம்பியர் பாயும்போது எழும் அழுத்தம் மூன்று வோல்ட்டுக்கும் குறைவே. ஆகவே பாறை நிலத்து வீடுகளுக்கு இவ்விசை இன்றியமையாதது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஆனால் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: கசிவுக் காப்பு விசை எழுச்சியைத் தடுக்காது, எழுச்சிக் காப்பான் கசிவைத் தடுக்காது. ஒன்று உயிருக்குக் காவல். மற்றொன்று கருவிக்குக் காவல். இரண்டும் வேண்டும்.

இனி, ஸ்பைக் கார்டு இருந்தும் தொலைக்காட்சி ஏன் கெட்டது என்பதைப் பார்ப்போம். அந்தப் பெட்டிக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று மின்கம்பி, மற்றொன்று கூரையின் மேல் இருந்த கிண்ண ஏரியலிலிருந்து வந்த கம்பி. ஏரியலுக்கென்று தனியாக ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் அடித்திருந்தார்கள். வீட்டு எர்த்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 90 ஓம் தடையின் வழியே 1,000 ஆம்பியர் பாய முயன்றால், கணக்குப்படி 90,000 வோல்ட்டு எழ வேண்டும். அந்த அளவுக்கு எழுமுன்பே அது வேறு வழி தேடிப் பாய்ந்துவிடும். வீட்டு எர்த்து பல ஆயிரம் வோல்ட்டு உயர்ந்து நின்றது. ஏரியலின் எர்த்து கீழே நின்றது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பெட்டி எரிந்தது.

ஒகேனக்கல்லில் பரிசலைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் ஏறும்போது பரிசலும் ஏறுகிறது. அதிலுள்ளோர் அனைவரும் ஒருங்கே ஏறுகிறார்கள். யாருக்கும் துன்பம் இல்லை. ஒரு கால் பரிசலிலும் ஒரு கால் கரையிலுமாக நிற்பவனே வீழ்கிறான். வீட்டின் மின் எர்த்து, ஏரியலின் எர்த்து, தொலைபேசிக் கம்பியின் காப்பு, இரும்புத் தண்ணீர்க் குழாய் ஆகிய யாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், எழுச்சியின்போது எல்லாம் ஒரே அளவில் உயரும். அவற்றுக்கிடையே வேற்றுமை மிகாது. பாறை நிலத்தில் எர்த்தின் தடையை வேண்டிய அளவுக்குக் குறைக்க முடியாத இடங்களிலும் இந்தப் பிணைப்பு நம்மைக் காக்கும்.

பெரியவரின் சொற்படி சிற்றப்பா செய்தவற்றைச் சொல்கிறேன். சமையலறைக் கழிவு நீர் சென்று ஊறும் இடத்தில், மண் ஆழமாக இருந்த பகுதியில், இரண்டாவது குழி ஒன்றை வெட்டினார். கரியும் உப்பும் இட்டுக் குழாயை இறக்கினார். பழைய குழியையும் புதியதையும், பள்ளம் தோண்டிப் புதைத்த நீண்ட இரும்புப் பட்டையால் இணைத்தார். அப்பட்டையே பெரும் பயன் தந்தது. பாறையில் ஆழம் கிடைக்காத இடத்தில் நீளம் உதவுகிறது. தடை 20 ஓம் அளவுக்கு இறங்கிற்று. உப்பு இரும்பை அரிக்கும் ஆதலால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை குழாயைச் சோதிக்க வேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் விட வேண்டும். பூமழை வருவதற்கு முன், நிலம் மிகவும் வறண்டிருக்கும் மாசி, பங்குனி மாதங்களில்தான் எர்த்தின் வலிமை மிகக் குறைந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு, மின்சாரம் நுழையும் பெட்டியிலேயே எழுச்சிக் காப்பானை அமைத்தார்கள். கடைகளில் இதனை எஸ்.பி.டி. என்பர், வீட்டுப் பெட்டிக்கு உரியது அதில் இரண்டாம் வகை. இதை இணைக்கும் கம்பிகள் குட்டையாக இருத்தல் வேண்டும். ஏனெனில் ஒரு மீட்டர் நேர்க் கம்பியின் மின்தூண்டல் ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி. ஒரு மைக்ரோ நொடிக்கு 1,000 ஆம்பியர் வீதம் மின்னோட்டம் ஏறினால், அந்த ஒரு மீட்டரிலேயே 1,000 வோல்ட்டு எழும். காப்பான் 1,500 வோல்ட்டில் அழுத்தத்தை நிறுத்தினாலும், கம்பியின் 1,000 அதனோடு சேர்ந்து 2,500 ஆகிவிடும். கருவி தாங்கும் எல்லை அதுவே என்று முன்பே கண்டோம். ஆகவே கம்பியின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருப்பது நன்று. காப்பானின் முகத்தில் ஒரு சிறு பலகணி இருக்கும். அதில் பச்சை தெரிந்தால் காப்பான் நலமாக இருக்கிறது. சிவப்பு தெரிந்தால் தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. புதியதை மாற்ற வேண்டும்.

மின்னல் இல்லாத நாளிலும் ஓர் ஆபத்து உண்டு. அது நியூட்ரல் கம்பி அறுவது. காற்றில் கிளை முறிந்து விழும் மலைப்பாதைகளில் இதற்கு வாய்ப்பு மிகுதி. தெருவுக்கு வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டு. ஒரு பேஸுக்கும் மற்றொரு பேஸுக்கும் இடையே 400 வோல்ட்டு. நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு பேஸில் உள்ள இரண்டு வீடுகள் அந்த 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக இணைந்துவிடக் கூடும். ஒரு வீட்டில் 1,000 வாட்டு இஸ்திரிப் பெட்டியும், மற்றொரு வீட்டில் 100 வாட்டு விளக்கும் மட்டும் ஓடுவதாகக் கொள்வோம். விளக்கின் தடை பத்து மடங்கு ஆதலால், அழுத்தத்தில் பதினொன்றில் பத்துப் பங்கு, அதாவது 364 வோல்ட்டு, அதன் மேல் விழும். குறைவாகச் செலவு செய்யும் வீடே கூடுதலாகத் துன்புறும்! இது கணநேர எழுச்சி அன்று. நின்று எரிக்கும் தீ. எழுச்சிக் காப்பானும் இதைத் தாங்காமல் சூடேறிவிடும். அழுத்தம் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் தனிக் கருவி இதற்கென உண்டு. அது இல்லாத வீட்டில், விளக்குகள் திடீரென்று கண் கூசும்படி எரிந்தாலோ, சில மங்கிச் சில ஒளி மிகுந்தாலோ, ஒரு கணமும் தாமதியாமல் முதன்மை விசையை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

இவை யாவும் செலவு பிடிக்கும் செயல்கள். செலவே இல்லாத காவல் ஒன்று உண்டு: மழை வருமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுதல். விசையை அணைப்பது போதாது. விசையின் சிறு இடைவெளியை எழுச்சி தாண்டிவிடும். பிளக்கோடு ஏரியல் கம்பியையும் கழற்ற வேண்டும். ஆனால் இடி நெருங்கிய பிறகு இவற்றைத் தொடாதீர்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். மின்னலைக் கண்ட பின் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் அருகில் விழலாம். கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள்; மரத்தடியில் ஒதுங்காதீர்கள்; கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை வெளியே வராதீர்கள். நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்னலுக்கு இரையாகிறார்கள். அவர்களில் பலர் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்கள். பெட்டி கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம். உயிருக்கு மாற்று இல்லை.

மாணவ நண்பர்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டின் எர்த்துக் குழி எங்கே இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பலருக்கு அது தெரிந்திராது; சில வீடுகளில் அதன் மேல் தளமே போட்டிருப்பார்கள். குழி இருந்தால் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் தடையைத் தகுதி பெற்ற மின் பணியாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்து நீங்களே கை வைக்க வேண்டா.

சிற்றப்பாவின் வீட்டில் அதன் பிறகு பல பூமழைகள் பெய்துவிட்டன. ஒருமுறை காப்பானின் பலகணி சிவந்தது, புதியதை மாற்றினார்கள். வேறு எதுவும் கெடவில்லை. இப்போதும் மேகம் கறுக்கும்போது சிற்றன்னை முதலில் பிளக்குகளைக் கழற்றிவிடுகிறார். பிறகு வாசலுக்கு உட்புறமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தோட்டத்தின் மேல் மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.